கூட்டல் குறியின் இரு பக்கங்கள்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தில் மென்பொருள் எழுதும் தொழில், பெரும்பாலும் எக்செல் தாள்களை வலைப்பக்கங்களாக மாற்றித் தரும் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் கைப்பேசி ஆலை இயங்கத் தொடங்கியது. 2010-இல் ரெனோ–நிஸ்ஸானும், 2012-இல் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லரும் ஒரகடத்தில் ஆலை திறந்தன. இந்தப் பெரிய ஆலைகள் தமக்கான மென்பொருள்களைத் தாமே கொண்டுவந்தன என்றாலும், அவற்றுக்குப் பிராக்கெட், புஷ், ரப்பர் பாகங்கள், வயரிங் என்று செய்து கொடுக்கும் வெண்டர் கம்பெனிகளில் உற்பத்திக் கணக்கு, ஓவர்டைம் கணக்கு, ரிஜெக்‌ஷன் கணக்கு ஆகிய யாவும் நெடுங்காலம் அலுவலக அறையில் இருந்த ஒரு கணினியின் எக்செல் கோப்புக்குள்ளேயே கிடந்தன. லைனில் நிற்கும் சூப்பர்வைசரே ஷிஃப்ட் முடியும்போது எண்களைப் பதிவு செய்யவேண்டும், டிஸ்பாட்ச் பகுதியும் தரப் பிரிவும் அவற்றை உடனே பார்க்கவேண்டும் என்ற தேவை எழுந்தபோது, அந்தக் கோப்புகளில் இருந்த கணக்குகள் ஒவ்வொன்றாக வலைப்பக்கத்துக்கு இடம்பெயர்ந்தன.

இந்த இடப்பெயர்வில் கடினமானவை எனக் கருதப்பட்டவை தரவுத்தளமும் நெட்வொர்க்கும்தான். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மீதி காணல் ஆகியவற்றைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. ஆனால் தொழிலில் ஆண்டுக்கணக்கில் ஈடுபட்டோர் கண்டறிந்தது இதற்கு மாறானது. தரவுத்தளம் பழுதானால் பக்கம் திறக்காது, உடனே தெரிந்துவிடும். கணக்குக் குறி ஒன்று தவறான பொருளில் செயல்பட்டாலோ பக்கம் திறக்கும், அறிக்கை அச்சாகும், சில நாள்களில் விடைகூடச் சரியாகவே இருக்கும். பள்ளித் தேர்வில் விடை சரியாக வந்தாலும் வழிமுறை தவறென்றால் ஆசிரியர் மதிப்பெண் தரமாட்டார். வலைநிரலில் அந்த வழிமுறையைப் பார்ப்பவர் எவருமில்லை என்பதால், விடை சரியாக வந்தது என்ற ஒன்றைக் கொண்டே கணக்கு சரியென்று முடிவு கட்டப்படுகிறது. அந்த முடிவு ஏன் செல்லாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கூட்டல், கழித்தல் முதலிய குறிகளைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் செயற்குறிகள் என்றும், அக்குறியின் இரு பக்கமும் நிற்கும் மதிப்புகளைச் செயலேற்பிகள் என்றும் அழைக்கின்றன. மேற்கோள் குறிக்குள் எழுதப்படும் எழுத்துத் தொடருக்குச் சரம் என்று பெயர். 8 என்பது எண். "8" என்பது எட்டு என்ற இலக்கத்தின் வடிவம் மட்டுமே கொண்ட சரம். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரல் மொழிக்கு இரண்டும் வேறு. வலைப்படிவத்தின் கட்டத்தில் சூப்பர்வைசர் தட்டும் எதுவும், அது எண்ணுக்கென்றே வைத்த கட்டமாக இருந்தாலும், ஜாவாஸ்கிரிப்ட் நிரலின் கைக்கு வழக்கமாக வந்து சேர்வது சரமாகத்தான்.

பிரவுசருக்குள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தை 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் உருவாக்கினார். நிரல் எழுதிப் பழகாதவரும் வலைப்பக்கத்தில் சிறு வேலைகளைச் செய்துகொள்ள உதவும் மொழியாக அது கருதப்பட்டதால், செயலேற்பிகள் பொருந்தாதபோது நின்றுவிடாமல், அவற்றை ஏதேனும் ஒரு வகைக்கு மாற்றிக்கொண்டு ஒரு விடையைத் தந்து மேலே செல்வது அதன் இயல்பாயிற்று. கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய குறிகளைக் கண்டால் அது இரு பக்கச் சரங்களையும் எண்ணாக மாற்றிக்கொள்ளும். எனவே "10" - "2" என்பது 8. கூட்டல் குறிக்கு மட்டும் இரு வேலைகள்: இரு பக்கமும் எண் என்றால் கூட்டும், ஒரு பக்கம் சரமாக இருந்தாலும் மறுபக்கத்தையும் சரமாக்கி இரண்டையும் ஒட்டும். எக்செல்லிலோ ஒட்டுவதற்கு & என்ற தனிக்குறி இருக்கிறது; அங்கே கூட்டல் குறி எப்போதும் கூட்டவே செய்யும். எக்செல்லில் பழகிய மனம் இந்த வேறுபாட்டை எதிர்பார்ப்பதில்லை.

ஓவர்டைம் கணக்கில் இது எவ்வாறு வெளிப்பட்டது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஓவர்டைமுக்கு இருமடங்கு ஊதியம் என்று வகுத்தது. ஆகவே ஷிஃப்ட் நேரத்தோடு ஓவர்டைம் நேரத்தை இரண்டால் பெருக்கிக் கூட்டி, வரும் தொகையை மணிக்கூலியால் பெருக்கினால் அன்றைய ஊதியம் கிடைக்கும். ஷிஃப்ட் 8 மணி, ஓவர்டைம் 2 மணி, மணிக்கூலி 75 ரூபாய் என்றால் 8 + 2 × 2 = 12; ஊதியம் 900 ரூபாய். இதை ஜாவாஸ்கிரிப்ட்டில் படிவக் கட்டங்களின் மதிப்பைக் கொண்டு அப்படியே எழுதும்போது, "2" * 2 என்ற பெருக்கலில் சரம் எண்ணாகி 4 கிடைக்கும். ஆனால் "8" + 4 என்னுமிடத்தில் இடப்பக்கம் சரமாகவே இருப்பதால் விடை "84". அதை 75-ஆல் பெருக்கும்போது மீண்டும் எண்ணாகி 6,300 ரூபாய் என்று வந்து நிற்கும். ஒரு நாள் ஊதியம் 6,300 என்றால் எவர் கண்ணிலும் பட்டுவிடும். ஆனால் வாரவிடுமுறை நாளில் ஓவர்டைம் மட்டும் பார்த்தவருக்கு ஷிஃப்ட் கட்டத்தில் "0" இருக்கும். அப்போது ஓவர்டைமின் இருமடங்கு 8 என்றால், "0" + 8 என்பது "08" ஆகி, பெருக்கும்போது 8 ஆகவே மாறிச் சரியான ஊதியத்தைத் தரும். ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகளை மட்டும் கொண்டு சோதித்தால் இந்த நிரல் தேறிவிடும்.

சர்வர் பக்கத்தில் பெரிதும் பயன்படும் பிஎச்பி மொழி இவ்விடத்தில் வேறு முடிவு எடுத்தது. அதில் ஒட்டுவதற்குப் புள்ளி என்ற தனிக்குறி உண்டு. கூட்டல் குறி எண்ணையே தேடும். எனவே "8" + "2" என்பது பிஎச்பியில் 10, ஜாவாஸ்கிரிப்ட்டில் "82". ஒரே படிவத்தின் மொத்தத்தைத் திரையில் காட்டுவது ஒரு மொழியும் தரவுத்தளத்தில் பதிவது மற்றொரு மொழியுமாக இருந்த இடங்களில், திரையில் ஓர் எண், மாத அறிக்கையில் வேறோர் எண் என்ற குழப்பம் வருவது இதனால்தான். புள்ளிக்கும் கூட்டலுக்கும் இடையே எது முதலில் நிகழும் என்ற முன்னுரிமையையும் பிஎச்பி 2020-இல் வந்த 8-ஆம் பதிப்பில் மாற்றியது. அதற்கு முன் இரண்டும் சமம் என்பதால் "மொத்தம்: " என்ற சொல்லோடு இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை அடைப்புக்குறி இல்லாமல் அச்சிட முயன்றால், முதல் எண் சொல்லோடு ஒட்டிக்கொண்டு, பிறகே கூட்டல் நடைபெற்றது. இப்போது கூட்டல் முந்துகிறது. எந்தப் பதிப்பிலும் அடைப்புக்குறி இட்டு எழுதியவர்களுக்கு இந்த மாற்றம் எந்தத் தொல்லையும் தரவில்லை.

இவற்றுக்கெல்லாம் மருந்து, படிவத்திலிருந்து மதிப்பு உள்ளே வரும் வாசலிலேயே அதை எண்ணாக மாற்றிவிடுவதுதான். ஆனால் மாற்றும் வழியிலும் கவனம் வேண்டும். இந்திய வழக்கப்படி ஒருவர் 1,25,000 என்று காற்புள்ளி இட்டுத் தட்டினால், ஜாவாஸ்கிரிப்ட்டின் ‘நம்பர்’ என்ற மாற்றி அதை எண்ணே அல்ல என்று சொல்லிவிடும். ‘பார்ஸ்ஃப்ளோட்’ என்ற மற்றொரு மாற்றி முதல் காற்புள்ளி வரை மட்டும் படித்துவிட்டு 1 என்று தரும். இரண்டாவது தரும் விடையே ஆபத்தானது, ஏனெனில் 1 என்பது குறை சொல்ல முடியாத ஓர் எண். வெற்றுக் கட்டத்தின் நிலையும் இத்தகையதே: எதுவும் தட்டாமல் விட்ட கட்டத்தை ‘நம்பர்’ பூஜ்யமாக்கும், ‘பார்ஸ்ஃப்ளோட்’ எண் அல்ல என்னும். ரிஜெக்‌ஷன் கட்டம் வெறுமையாக இருப்பதற்கு ரிஜெக்‌ஷன் இல்லை என்று பொருளல்ல, இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதே பொருள். வாகன உதிரிபாகத் துறையின் தரநெறியான ஐஏடிஎஃப் 16949-இன்படி தணிக்கை செய்ய வருபவருக்கு இவ்விரண்டும் ஒன்றாகா. வெறுமை என்றால் படிவம் மேற்செல்லாமல் நின்று கேட்கவேண்டும். அதைப் பூஜ்யமாக்கும் உரிமை நிரலருக்கு இல்லை.

தற்செயலாகச் சரியாக வரும் விடைக்கு இத்தடத்தில் கிடைக்கும் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு கைப்பேசியிலிருந்து வருகிறது. நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டாலும், சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் இயங்குவதால் கைப்பேசி இத்தடத்தை விட்டுப் போகவில்லை. லேபிள், கிடங்கு, பழுதுநீக்கல் எனப் பல மென்பொருள்களில் ஐஎம்இஐ எண் இன்றும் புழங்குகிறது. ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய 15 இலக்க அடையாள எண். முதல் 8 இலக்கங்கள் மாடலைக் குறிக்கும். அடுத்த 6 தொடரெண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1960-இல் பெற்ற முறைப்படி அந்தக் கடைசி இலக்கம் கணக்கிடப்படுகிறது. முதல் 14 இலக்கங்களில் இரண்டாவது, நான்காவது என ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பாக்க வேண்டும். இரட்டித்து வந்தது 9-ஐத் தாண்டினால் அதிலிருந்து 9-ஐக் கழிக்கவேண்டும். எல்லாவற்றையும் கூட்டி, அத்தொகையை 10-இன் அடுத்த மடங்குக்கு உயர்த்த எவ்வளவு தேவையோ அதுவே சரிபார்ப்பு இலக்கம்.

விளக்கங்களில் பரவலாகக் காட்டப்படும் மாதிரி எண் 490154203237518. இதன் முதல் 14 இலக்கங்களை மேற்கண்டவாறு மாற்றினால் 4, 9, 0, 2, 5, 8, 2, 0, 3, 4, 3, 5, 5, 2 என்று வரும், கூட்டுத்தொகை 52, 60-ஐ எட்ட 8 தேவை, கடைசி இலக்கம் 8, சரி. இப்போது இதே கணக்கை ஜாவாஸ்கிரிப்ட்டில் கவனமின்றி எழுதினால் என்ன ஆகும்? எண்ணை ஒரு சரமாக வாங்கி, எழுத்தெழுத்தாக எடுத்து, பூஜ்யத்தில் தொடங்கும் ஒரு மொத்தத்தோடு கூட்டுகிறார் நிரலர். இரட்டிக்க வேண்டிய இலக்கங்கள் பெருக்கலைக் கடப்பதால் எண்ணாகிவிடுகின்றன. இரட்டிக்க வேண்டாத இலக்கங்கள் சரமாகவே இருக்கின்றன. முதல் இலக்கமே அத்தகையது என்பதால் 0 + "4" என்னுமிடத்தில் மொத்தம் "04" என்ற சரமாகிவிடுகிறது. அதன் பின் வரும் யாவும் ஒட்டிக்கொண்டே போய், முடிவில் மொத்தம் என்ற பெயரில் "049025820343552" என்ற நீண்ட சரம் நிற்கிறது. இதற்கு 10-ஆல் மீதி காணும்போது மொழி அதை எண்ணாக மாற்றிக் கடைசி இலக்கமான 2-ஐத் தருகிறது. 10 - 2 = 8. சரியான விடை!

52-க்கும் அந்த 15 இலக்கச் சரத்துக்கும் இடையே எந்த உறவும் இல்லை. இரண்டும் 2-இல் முடிகின்றன என்பது மட்டுமே உண்மை. இத்தோடு நின்றிருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் இந்த மாதிரி எண்ணில் முதல் 13 இலக்கங்கள் தரும் தொகை சரியாக 50 என்பதால், தொடரெண்ணின் கடைசி இலக்கத்தை 0 முதல் 9 வரை எப்படி மாற்றினாலும் தவறான நிரல் சரியான சரிபார்ப்பு இலக்கத்தையே தரும். அடுத்தடுத்த பத்து கைப்பேசிகளை வைத்துச் சோதித்தாலும் பிழை தெரியாது. பதினொன்றாவதாக வரும் 49015420323760-இல்தான் முதல் 13 இலக்கங்களின் தொகை 51 ஆகிறது. சரியான இலக்கம் 9, நிரல் தருவதோ 0. மாதிரி எண் ஒன்றையும் அதற்கு அடுத்த சில எண்களையும் கொண்டு சோதித்துவிட்டுத் திருப்தியடையும் வழக்கம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஒவ்வோர் எழுத்தையும் கூட்டுவதற்கு முன் எண்ணாக்கியிருந்தால் இந்தப் பேச்சே எழுந்திராது.

இதே நிரலின் கடைசி வரியும் கவனிக்கத்தக்கது. 10-இலிருந்து மீதியைக் கழிப்பதோடு நிறுத்தினால், கூட்டுத்தொகை 50 அல்லது 60 என்று அமையும் எண்களுக்குச் சரிபார்ப்பு இலக்கம் 10 என்று வந்துவிடும். ஓர் இலக்க இடத்தில் 10 நிற்க முடியாது. ஆகவே (10 - மொத்தம் % 10) % 10 என்று மீதிக் குறியை இருமுறை எழுதவேண்டும். இரண்டாவது மீதிக்குறி பத்தில் ஒரு முறை மட்டுமே வேலை செய்கிறது என்றாலும், அந்த ஒரு முறைக்காகவே அது அங்கே இருக்கிறது.

மீதிக்குறி, அதாவது % என்ற குறி, எக்செல்லிலிருந்து வருவோரை வேறொரு வகையிலும் ஏமாற்றுகிறது. எக்செல்லில் இக்குறி சதவீதத்தைக் குறிக்கும். மீதி காண ‘மாட்’ என்ற சூத்திரம் தனியே உண்டு. ஜாவாஸ்கிரிப்ட்டிலும் பிஎச்பியிலும் இக்குறி வகுத்தபின் எஞ்சும் மீதியைத் தரும். குறை எண் வரும்போது இவை முற்றிலும் பிரிந்துவிடுகின்றன: ‘மாட்’ சூத்திரத்தின் விடை வகுக்கும் எண்ணின் குறியைப் பின்பற்றும், ஜாவாஸ்கிரிப்ட்டின் விடை வகுபடும் எண்ணின் குறியைப் பின்பற்றும். இரவு ஷிஃப்ட்டுக்கு ஆள் எடுக்கும் ஒவ்வொரு கம்பெனியிலும் இந்த வேறுபாட்டுக்கு வேலை உண்டு. இரவு 10.30 என்பது நாளின் 1,350-ஆவது நிமிடம், காலை 6.30 என்பது 390-ஆவது நிமிடம். கழித்தால் -960. நாளொன்றின் 1,440 நிமிடங்களால் மீதி காணும்போது எக்செல் 480 என்று தரும், அதாவது 8 மணி நேரம். ஜாவாஸ்கிரிப்ட் -960 என்றே தரும். குறை எண்ணைக் கண்டு அவசரத்தில் குறியை மட்டும் நீக்கிவிட்டால் 960 நிமிடம், அதாவது 16 மணி நேரம் என்றாகும். டபுள் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் இருக்கும் இடத்தில் 16 மணி நேரம் எவருக்கும் விசித்திரமாகத் தோன்றாது. அந்தத் திருத்தம் பிழையைப் போக்குவதற்குப் பதிலாக மறைத்தே விடுகிறது. மீதி கண்டபின் 1,440-ஐக் கூட்டி மீண்டும் ஒருமுறை 1,440-ஆல் மீதி காண்பதே முறை. பகல் ஷிஃப்ட்டுக்கும் இரவு ஷிஃப்ட்டுக்கும் அது ஒருங்கே பொருந்தும்.

டிஸ்பாட்ச் பகுதியில் பாகங்கள் பின் (bin) எனப்படும் பெட்டிகளில் அடுக்கப்படும் கணக்கிலும் மீதிக்குறி நாள்தோறும் பயன்படுகிறது. ஒரு பின்னில் 24 பாகம், அனுப்ப வேண்டியது 500 என்றால், 500-ஐ 24-ஆல் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கினால் 21 பின்; கடைசிப் பின்னில் 500 % 24 = 20 பாகம். ஆனால் 480 பாகம் என்றால் மீதி பூஜ்யம். கடைசிப் பின்னின் லேபிளில் 0 என்று அச்சாகிவிடும், உண்மையில் அதில் 24 இருக்கிறது. எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்து, மீதி கண்டு, பிறகு ஒன்றைக் கூட்டினால் 500-க்கு 20-உம் 480-க்கு 24-உம் சரியாகவே வரும்.

வகுத்தலில் வரும் கேடு இவற்றையெல்லாம் விட ஆழமானது. எக்செல்லில் பூஜ்யத்தால் வகுத்தால் கட்டத்திலேயே பிழைக்குறி தோன்றும். அதைத் தொடும் எல்லாக் கட்டங்களிலும் அப்பிழைக்குறி பரவும். பார்ப்பவர் எவரும் கேள்வி கேட்பார். பிஎச்பியும் 8-ஆம் பதிப்பு முதல் பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்தால் பிழை சொல்லி நின்றுவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் மட்டும் நிரல் நிற்பதில்லை: 2-ஐப் பூஜ்யத்தால் வகுத்தால் முடிவிலி, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் ‘எண் அல்ல’ என்ற தனி மதிப்பு. வெண்டரின் தரத்தை அளக்க, பத்து லட்சம் பாகத்தில் எத்தனை ரிஜெக்ட் என்ற பிபிஎம் கணக்கே வழக்கம். 12,000 பாகம் அனுப்பி 3 திரும்பினால் 250 பிபிஎம். டிஸ்பாட்ச் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்து ‘எண் அல்ல’ என்று வருகிறது. அதைச் சர்வருக்கு அனுப்ப ஜேசன் என்ற தரவு வடிவத்துக்கு மாற்றும்போது, அவ்வடிவத்தில் ‘எண் அல்ல’ என்பதற்கு இடமில்லாததால் அது ‘நல்’ என்ற வெற்று மதிப்பாகிறது. பிறகு அறிக்கைப் பக்கம் அந்த ‘நல்’லைப் பெற்றுக் கூட்டும்போது, ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பூஜ்யமாகக் கொள்கிறது. நான்கு வேலை நாள்களும் 250 பிபிஎம், ஒரு விடுமுறை என்றால், சராசரி 250 என்பதற்குப் பதிலாக 200 என்று வந்து நிற்கும். ஒன்றுமே அனுப்பாத நாள் அந்த ஐந்து நாள்களில் மிகச் சிறந்த தர நாளாக மாறிவிட்டது. வகுப்பதற்கு முன் வகுக்கும் எண் பூஜ்யமா என்று கேட்பது முதல் காப்பு. நாள்வாரியான விகிதங்களைச் சராசரி செய்யாமல், மொத்த ரிஜெக்டை மொத்த டிஸ்பாட்சால் ஒரே முறை வகுப்பது அதைவிடச் சிறந்த காப்பு.

தசமப் பின்னங்களைப் பொறுத்தவரை, ஜாவாஸ்கிரிப்ட்டின் வழக்கமான எண் ஒவ்வொன்றும் ஐட்ரிபிள்இ 754 என்ற தரநெறியின்படி 64 பிட்டுகளில், இரண்டின் அடுக்குகளாகச் சேமிக்கப்படுவதால், 0.1 போன்ற பின்னங்கள் அதில் துல்லியமாக அடங்குவதில்லை. 0.1 + 0.2 என்பது 0.30000000000000004 என்று வருவது பலரும் அறிந்தது. தொழிலுக்கு நெருக்கமானது வேறு: ஒரு பாகம் 4 ரூபாய் 35 காசு என்றால் 100 பாகத்துக்கு 4.35 * 100 என்ற பெருக்கல் 434.99999999999994 என்று தரும். பின்னத்தை வெட்டிவிட்டால் இன்வாய்சில் 434 ரூபாய். மறுபுறம், 0.07 * 100 என்பது 7.000000000000001; மேல்நோக்கி முழுமையாக்கினால் 8. ஆகவே விலையை உள்ளே வாங்கும்போதே அருகிலுள்ள முழுக் காசுக்கு மாற்றி 435 என்ற முழு எண்ணாக வைத்துக்கொள்வதும், எல்லாப் பெருக்கலையும் முழு எண்களில் செய்து வகுத்தலைக் கடைசிக்குத் தள்ளுவதும் இத்தொழிலில் நிலைபெற்ற நல்வழக்கங்கள்.

முழுமையாக்கும் விதி எந்தச் சட்டத்திலிருந்து வருகிறது என்பதையும் நிரலர் அறிந்திருக்க வேண்டும். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவு வரித்தொகையை அருகிலுள்ள முழு ரூபாய்க்கு மாற்றச் சொல்கிறது. 50 காசும் அதற்கு மேலும் ஒரு ரூபாயாகும். இஎஸ்ஐ பங்களிப்பிலோ காசு எவ்வளவு சிறிதாயினும் அடுத்த ரூபாய்க்கு உயர்த்தவேண்டும். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், 8,410 ரூபாய் ஊதியத்துக்கு 63.075, எனவே பிடித்தம் 64 ரூபாய். 8,400 ரூபாய்க்குச் சரியாக 63. இதை 0.0075-ஆல் பெருக்காமல், 75-ஆல் பெருக்கி 10,000-ஆல் வகுத்தால், பெருக்கல் முழு எண்ணாகவே இருப்பதால் 63 என்பது 64 ஆக உயர்ந்துவிடும் அபாயம் இல்லை. ஒரு ரூபாய்தானே என்று இதைத் தள்ளுவது தவறு. பிடித்தம் செய்யப்படுவது கான்ட்ராக்ட் தொழிலாளியின் ஊதியத்திலிருந்து, அதுவும் மாதந்தோறும்.

கிரெடிட் நோட்டில் தொகை குறை எண்ணாக வரும்போது மற்றொரு வேறுபாடு தலைகாட்டும். ஜாவாஸ்கிரிப்ட்டின் முழுமையாக்கும் செயல்கூறு 2.5-ஐ 3 ஆக்கும், -2.5-ஐ -2 ஆக்கும். எக்செல்லும் பிஎச்பியும் -3 ஆக்குகின்றன. இன்வாய்சில் 3 ரூபாயாக ஏறியது கிரெடிட் நோட்டில் 2 ரூபாயாக இறங்கினால், கணக்குப் பிரிவின் பேரேட்டில் ஒரு ரூபாய் நிலுவை தீராமல் நிற்கும். குறியை நீக்கி முழுமையாக்கி, பிறகு குறியைச் சேர்த்தால் இது நேராது.

அடுக்குக் குறியையும் ஏற்றக் குறியையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2016-இல் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு வந்த ** என்ற அடுக்குக் குறியின் முன் கழித்தல் குறியை அடைப்புக்குறியின்றி எழுதினால் மொழியே அதை ஏற்க மறுக்கிறது. எக்செல்லில் -2^2 என்பது 4, பிஎச்பியில் -2**2 என்பது -4 என்றிருக்கும்போது இம்மறுப்பு மிக நல்ல முடிவு. எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டும் ++ என்ற ஏற்றக் குறி பெயருக்குப் பின் நின்றால் பழைய மதிப்பைத் தந்துவிட்டுப் பிறகு கூட்டும், முன் நின்றால் கூட்டிவிட்டுத் தரும். லேபிள் தொடரெண்ணில் இந்த இரண்டுக்கும் இடையே ஒரு லேபிள் வித்தியாசம் வந்துவிடுவதால், கூட்டுவதை ஒரு வரியிலும் அச்சிடுவதை அடுத்த வரியிலும் தனித்தனியே எழுதுவதே பாதுகாப்பு. சிம் அட்டையின் 19, 20 இலக்க எண் போன்ற அடையாளங்களை எண்ணாக மாற்றவே கூடாது. 9,007,199,254,740,991 என்ற எல்லைக்கு மேல் ஜாவாஸ்கிரிப்ட்டின் வழக்கமான எண்ணால் ஒவ்வொரு முழு எண்ணையும் தனித்து அடையாளம் காண முடியாது. கூட்டவோ கழிக்கவோ தேவைப்படாத அடையாளத்துக்குச் சரமே உரிய இடம்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் மேல்நிலை வகுப்புகளில் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் ஜாவாஸ்கிரிப்ட்டும் பிஎச்பியும் இடம்பெற்றிருக்கின்றன. இத்தடத்தின் சிறு கம்பெனிகளுக்கு நிரல் எழுத வரும் இளைஞர்கள் பலரும் செயற்குறி அட்டவணையை அங்கே முதன்முதலாகப் பார்த்தவர்களே. அந்த அட்டவணையைக் கற்பிக்கும் ஆசிரியர்களிடமும், புதிதாக வேலைக்குச் சேர்வோரைப் பழக்கும் மூத்த நிரலர்களிடமும் இத்தொழில் கேட்பது ஒன்றுதான்: 5 + 2 என்ற எளிய எடுத்துக்காட்டோடு நிறுத்தாமல், படிவத்திலிருந்து வந்த "8", வெற்றுக் கட்டம், 1,25,000 என்ற காற்புள்ளி எண், இரவு ஷிஃப்ட்டின் -960, டிஸ்பாட்ச் இல்லாத நாளின் பூஜ்யம், 49015420323760 ஆகிய ஆறையும் ஒவ்வொரு மாணவரின் கையாலும் ஒருமுறை போட்டுப் பார்க்கச் செய்யுங்கள்.